கமலாவுக்குக் கிடைத்த பத்து நாள்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சமாதி மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். வளாகத்தின் ஓரத்தில் இன்னும் சில சமாதிகள் இருக்கின்றன. அளவில் சின்னவை. ஒன்று லட்சுமி என்ற பசுவுக்கு. 1926-இல் கன்றாக வந்தவள், 1948 ஜூன் 18 அன்று ரமணரின் கை தலைமேல் இருக்கக் கண்மூடியவள். பக்கத்திலேயே வள்ளி என்ற மானுக்கு ஒன்று, ஒரு காகத்துக்கு ஒன்று, ஜாக்கி என்ற நாய்க்கு ஒன்று. நாய்க்குச் சமாதி எழுப்பி, அதை ஆண்டுக்கணக்கில் பராமரித்துவரும் ஆசிரமங்கள் நம் நாட்டில் அதிகம் இருக்காது.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு நாயகி, அங்கே சமாதி பெற்ற ஜாக்கி அல்ல. அவனுக்கும் முந்தையவள். ரமணர் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலம், அதாவது 1916 முதல் 1922 வரையிலான ஆண்டுகள். மலைமேல் இருந்த அந்த இடத்துக்குக் குட்டியாக ஒரு பெண் நாய் வந்து சேர்ந்தது. கூட இருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். பெண் குட்டியாயிற்றே, ஆண்டுக்கு ஆண்டு ஈன்று மலை முழுக்க நாயாகிவிடும் என்ற பயம். அவள் போகவில்லை. கமலா என்று பெயர் வந்தது. பயந்தபடியே ஒரு குடும்பமும் பெருகியது. முதல் பிரசவத்தின்போது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, குட்டிகளோடு இருக்க ஆசிரமத்திலேயே சுத்தமான ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் அங்கே இருந்தாள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனம்போல ஒரு விருந்தே நடந்தது. பின்னாளில் புதிதாக வருகிறவர்களை மலை சுற்றிக் கூட்டிப்போய்க் கோயில், குளம், சந்நிதி ஒன்று விடாமல் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலையை ரமணர் கமலாவிடம்தான் ஒப்படைப்பார்.

சுத்தமான ஓர் இடம், பத்து நாள், ஒரு பெயர். ஆதரவற்ற நாயையும் பூனையையும் வீடுகளில் வைத்துக் காப்பாற்றும் வேலைக்கு இன்று ஃபாஸ்டர் என்று பெயர். அதைச் செய்கிறவர்கள் கேட்பதும் இந்த மூன்றைத்தான். நூறு ஆண்டுக்கு முன் ஸ்கந்தாசிரமத்தில் நடந்ததை அடிவாரத்தில், ரமண நகர், பெரும்பாக்கம் சாலை, அடி அண்ணாமலை வரை பரவிக் கிடக்கும் வீடுகளில் ஏன் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்பதுதான் என் ஆதங்கம். செய்ய முடியும் என்பது என் நம்பிக்கை.

இந்தப் பகுதிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கார்த்திகை தீபத்தை ஒட்டித் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை இங்கே சீசன். வெளிநாட்டவர்களும் வெளியூர்க்காரர்களும் மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்குவார்கள். செங்கம் சாலை டீக்கடை வாசலில் ஒரு குட்டி வாலாட்டும். மனம் இளகி அறைக்குத் தூக்கிப் போவார்கள். மெத்தையில் படுக்க வைப்பார்கள், வேளைக்குச் சோறும் முட்டையும் கொடுப்பார்கள். மார்ச் வெயில் ஏறத் தொடங்கியதும் விமானம் ஏறிவிடுவார்கள். நாலு மாதம் வீட்டுக்குள் வளர்ந்த நாய் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கும். தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் சேர்ப்பதில்லை. லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி நடக்க அது கற்றிருக்கவில்லை. பாசத்தோடு தொடங்கியதுதான், ஆனால் முடிவு கைவிடல்.

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கிரிவலத்துக்கு வருகிற காரிலிருந்து வயதான பொமரேனியனை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் நம்மவர்கள்தான். ஈன்ற குட்டிகளில் ஆணை வைத்துக்கொண்டு பெண்ணைச் சாக்கில் போட்டு ஆசிரம வாசலில் விடுகிறவர்களும் நம்மவர்கள்தான். சாமியார்கள் இருக்கிற இடம், யாராவது சோறு போடுவார்கள் என்ற கணக்கு. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கி வைத்த முயற்சியால் வந்த சட்டம் அது. அவர் காலத்தில் அந்தத் தொகைக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்றும் அதே தொகை நீடிப்பது வெட்கக்கேடு.

செங்கம் சாலையில் அருணாசலா விலங்குகள் சரணாலயம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. அடிபட்டதையும் நோயுற்றதையும் எடுத்துப் பார்க்கிறது. ஒரு காப்பகம் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். காப்பகத்துக்குச் சுவர் உண்டு, அந்தச் சுவருக்குள் கொள்கிற அளவும் உண்டு. தாய்ப்பால் மறவாத குட்டியை ஐம்பது நாய்கள் இருக்கிற வளாகத்தில் விட்டால் அது ஒரு வாரம் தாண்டுவதே அதிர்ஷ்டம். குட்டிக்கும், அறுவை முடிந்து தேறுகிற நாய்க்கும், பயந்து ஒடுங்கிய பூனைக்கும் தேவைப்படுவது வீடு. அதுவும் தற்காலிகமாக.

வீட்டிலிருந்து தொடங்கியதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. 1959-இல் சென்னையில் கொட்டிய மழையில், தி.நகர்ப் பக்கம் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரம் நம் நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். லண்டனிலிருந்து பம்பாய் வரை 27 மணி நேரத்தில் பறந்து வந்த தம்பதி அவர்கள். அந்த இரண்டு குட்டிகளுக்குப் பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் வீடே காப்பகமானது. 1964-இல் அது புளூ கிராஸ் ஆஃப் இந்தியா என்ற பதிவு பெற்ற அமைப்பாயிற்று. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று அவர்கள் சொல்லத் தொடங்கி, சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1990-களின் நடுப்பகுதி ஆனது. முப்பது ஆண்டு காத்திருப்பு. இதில் நான் கவனிப்பது வரிசையை. முதலில் இரண்டு குட்டி, பிறகு வீடு, ஐந்து ஆண்டு கழித்துத்தான் பெயர்ப்பலகை. இப்போது தொடங்குகிற பலர் பெயர்ப்பலகையிலும் லோகோவிலும் தொடங்கி, ஆறே மாதத்தில் நாற்பது நாயோடு வாடகை வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தொடங்க மூன்று பேர் போதும். போன் எடுக்க ஒருவர், வண்டி வைத்திருப்பவர் ஒருவர், வீட்டில் ஓர் அறையோ கேட் போட்ட திண்ணையோ உள்ளவர் ஒருவர். நல்ல கால்நடை மருத்துவர் ஒருவரின் நம்பிக்கையையும் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரே ஒரு விதி: எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை பிராணி, அல்லது அத்தனை ஈடு குட்டி. ஐந்து வீடு என்றால் ஐந்து ஈடு குட்டி, ஆறாவது இல்லை. கேட்கக் கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் ஆறாவதுக்கு இடம் கொடுப்பவர் முதல் ஐந்தின் உயிரைப் பணயம் வைக்கிறார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுத் திண்ணையில் அப்போது மூன்று குட்டிகள் இருந்தன. பத்து நாளாகி, கொழுகொழுவென்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடின. ஒரு மாலை கிரிவலப் பாதையில் கிடந்தது என்று நாலாவதைக் கொண்டுவந்தார்கள். சுருண்டு கிடந்தது. பசி என்று நினைத்தேன். தனியாக வைக்க இடமில்லை, ஒரு ராத்திரிதானே என்று அதே திண்ணையில் விட்டேன். விடிந்ததும் தெரிந்தது. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்: ரத்தமும் கழிச்சலும் கலந்த, குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயின் வாடை. ஐந்தாம் நாள் என் மூன்றும் ஒவ்வொன்றாகப் படுத்தன. சொட்டு மருந்து ஏற்றி இரவு பகலாகப் பார்த்தும் ஒன்றுதான் பிழைத்தது. தரையை முழுக்கப் பினாயிலால் கழுவியிருந்தேன். பார்வோ கிருமி பினாயிலுக்குச் சாகாது என்று மருத்துவர் சொன்னபோதுதான் தெரியும். ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையில் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண் தரையாக இருந்தால் அதுவும் உதவாது, ஓர் ஆண்டு வரைகூடக் கிருமி மண்ணில் உயிரோடிருக்கும். அந்தத் திண்ணையை அதன் பிறகு வளர்ந்த, தடுப்பூசி முடிந்த நாய்களுக்கு மட்டும்தான் கொடுத்தேன்.

அதனால்தான் வீடுகள் தனித்தனியாக இருப்பதே இந்த முறையின் பலம் என்கிறேன். ஒரு வீட்டில் நோய் வந்தால் அந்த வீட்டோடு நிற்கும். புதிதாக வருவது எதுவானாலும் பதினான்கு நாள் தனி. குளியலறை ஒட்டிய அறை, கழுவக்கூடிய தரை, தனித் தட்டு, தனித் துணி, உள்ளே போகத் தனிச் செருப்பு. கமலாவுக்குக் கிடைத்த பத்து நாளைவிட நாலு நாள் கூடுதல்.

தாயில்லாத பச்சைக் குட்டி வந்தால் வேலை இன்னும் நுணுக்கம். கண் திறக்கவே பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். பார்த்ததும் எல்லாரும் செய்வது, மனிதக் குழந்தைபோல மல்லாக்கப் பிடித்துப் பசும்பாலைப் புகட்டுவது. இரண்டும் தவறு. மல்லாந்தால் பால் நுரையீரலுக்குள் போகும். பசும்பால் வயிற்றைக் கழியவைக்கும். குப்புறப் படுத்து, தலையைச் சற்றே உயர்த்தித் தாயிடம் குடிக்கிற வாக்கிலேயே குடிக்க வேண்டும். குட்டிகளுக்கென்றே பால்பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் உடம்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே பால். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் போகும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது. முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். இதைச் செய்ய ஆள் இருக்கிற வீடு எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் பச்சைக் குட்டியை ஏற்க வேண்டும்.

ஃபாஸ்டர் எடுக்கிறவர்களின் உடம்பையும் பார்க்க வேண்டும். குட்டிதானே என்று கீறலை அலட்சியம் செய்யக் கூடாது, குட்டிக்கும் வெறிநோய் வரும். பல்லோ நகமோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். தொடர்ந்து இந்த வேலையில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பு ஊசியை முறைப்படி போட்டுக்கொள்வது நல்லது. அறிகுறி தெரிந்துவிட்டால் வெறிநோய்க்கு மருந்தில்லை.

இனி போன். இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அதுதான். “இங்க ஒரு குட்டி கெடக்குதுங்க, வந்து எடுத்துட்டுப் போங்க” என்று நாளுக்குப் பல அழைப்பு வரும். சரி என்றால் மூழ்கிவிடுவோம், முடியாது என்றால் திட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது. “பதினாலு நாள் உங்க வீட்டு மாடியில வெச்சுக்க முடியுமா? டாக்டர், மருந்து, ஊசி, தத்து குடுக்கிறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம்.” பத்துப் பேரில் எட்டுப் பேர் போனை வைத்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இரண்டு பேர்தான் உங்கள் காப்பகம். காருண்யம் இருந்தும் செலவுக்கும் பொறுப்புக்கும் பயந்து நின்றவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வீடு திறந்துவிடும்.

அப்படித் திறந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ரமண நகரில் பூ கட்டி விற்கிற ஓர் அக்கா. கால் முறிந்து கட்டுப் போட்ட ஒரு செவலைக் குட்டியைத் தயங்கித் தயங்கித்தான் வாங்கிக்கொண்டார். “நாய்ங்கள வீட்டுல சேக்கற பழக்கமே இல்ல தம்பி, அது பாட்டுக்கு மூலையில கெடக்கட்டும்” என்றார். ஒரு வாரம் கழித்து மருந்து கொடுக்கப் போனேன். நார்க்கூடைக்குப் பக்கத்தில் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் படுத்திருந்தது. “காலையிலருந்து இவன் சரியாவே சாப்பிடல, என்னன்னு பாருங்க” என்றார். அது, இவனாகியிருந்தது.

ரமணர் பிராணிகளை எந்த நாளும் அது, இது என்று சொன்னதில்லை. அவன், அவள் என்பார். பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்டால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். தமிழ் இலக்கணம் நாயை அஃறிணையில் வைத்திருக்கிறது. அவர் பேச்சில் உயர்திணைக்கு மாற்றினார். இலக்கணம் எதுவும் படிக்காத அந்த அக்கா ஏழே நாளில் அதைச் செய்துவிட்டார். பெயர் வைத்து, அவன் இவன் என்று கூப்பிடப்பட்ட நாய் மனிதரிடம் ஒட்டப் பழகுகிறது. ஒட்டப் பழகிய நாய்க்குத்தான் வீடு கிடைக்கிறது.

தத்துக் கொடுப்பதில் பெரிய தடை, நூறாண்டுக்கு முன் கமலாவை விரட்டச் சொன்ன அதே பயம். “பொட்டையா? வேணாங்க, ஆணு இருந்தா சொல்லுங்க.” இதைக் கேட்காத நாளில்லை. குட்டி போடும் என்பதுதான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது: ஆறு மாதம் ஆனதும் கருத்தடை. தத்துக் கொடுக்கும் அன்றைக்கே தேதி குறித்து, நாங்களே வந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பெண் குட்டிக்கும் கதவு திறக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்துவிடக் கூடாது. தத்துக் கொடுத்ததோடு கை கழுவுகிற ரெஸ்க்யூ குழு, அடுத்த ஆண்டுக்கான குட்டிகளைத் தானே உற்பத்தி செய்கிறது.

லாப்ரடார் இருக்கிறதா, பக் இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டும். நம் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கு இந்த வெயில் பழக்கம். குறுமுடி, உண்ணி தேடிப் பிடிக்க எளிது. நம் வீட்டுச் சோறும் கொஞ்சம் முட்டையும் அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் வாகனம் என்று பிஸ்கட் போடுகிறோம். பிஸ்கட்டோடு நிற்காமல் வீட்டுக்குள் ஓர் இடம் கொடுக்கலாம்.

பணம் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், குறிப்பாக இந்தப் பகுதிக்காரர்களுக்கு. ஆசிரமம் வரும் வெளிநாட்டு அன்பர்கள் தாராளமாகக் கொடுக்க முன்வருவார்கள். வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெறாத அமைப்பு, வெளிநாட்டுக் குடிமகனிடம் இந்திய ரூபாய் நோட்டாகவே வாங்கினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அந்தப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்ததற்குக் கணக்கும் வேண்டும். சின்ன ரெஸ்க்யூவுக்கு அது எட்டாக்கனி. அவர்களிடம் பணத்துக்குப் பதிலாகக் கேட்க வேண்டியது நேரத்தை. நவம்பரில் வருகிறார், மார்ச்சில் போகிறார் என்றால் ஜனவரி முடிவதற்குள் தத்துப் போகிற குட்டியைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும், ஊருக்குக் கிளம்பும் தேதியை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சீசன் வீடுகளைக் குளிர்காலத்துக்கும், உள்ளூர் வீடுகளைக் கோடைக்கும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் மார்ச் மாதம் தெருவில் நிற்கிற நாய்களின் எண்ணிக்கை தானாகக் குறையும். உள்ளூர்க்காரர்கள் தருகிற பணத்துக்கு, அது ஐம்பது ரூபாயானாலும், ரசீதும் கணக்கும் இருக்க வேண்டும். வேலை ஒரு வருஷம் நிலைத்து ஓடினால் அப்போது டிரஸ்ட்டாகவோ, ஏழு பேர் சேர்ந்து சங்கமாகவோ பதிவு செய்துகொள்ளலாம்.

தெருநாய் விவகாரம் இன்று கொதிநிலையில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்தபின் அது தெருவுக்குத் திரும்பக் கூடாது என்றும் சொன்னது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. குழந்தையை நாய் கடித்த வீட்டின் கோபம் நியாயமானது. அதை மறுத்துப் பேசுகிறவர்கள் நாய்களுக்கு நல்லது செய்யவில்லை. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்களும் பயமில்லாமல் நடக்க வேண்டும், நாய்களும் பிழைக்க வேண்டும். மொத்தக் கருத்தடையும் தடுப்பூசியும் மாநகராட்சியும் அங்கீகாரம் பெற்ற அமைப்பும் செய்ய வேண்டிய வேலை. தெருவுக்குத் திரும்ப வேண்டாதவற்றைத் தெருவிலிருந்து எடுத்து வீடு சேர்ப்பது நம்மால் ஆகிற வேலை.

பூ கட்டுகிற அக்கா வீட்டுச் செவலைக்குக் கட்டுப் பிரித்த பிறகு போளூரில் ஒரு குடும்பம் கேட்டது. போய்ச் சொன்னேன். “பதினாலு நாள்தான்னு சொன்னீங்க தம்பி, இப்ப இவன எப்படி அனுப்பறது?” என்றவர், மறுநாள் காலை அவரே குளிப்பாட்டிக் கழுத்தில் கனகாம்பரச் சரம் ஒன்றைச் சுற்றி அனுப்பிவைத்தார். அனுப்பிவிட்டு, “அடுத்தது எப்ப வரும்?” என்று கேட்டார்.

இந்த ஆண்டும் மார்ச் வரப்போகிறது. ரமண நகரிலோ, செங்கம் சாலையிலோ, கிரிவலப் பாதையிலோ நீங்கள் குடியிருந்தால், கழுவக்கூடிய தரையுள்ள ஓர் அறையோ கேட் போட்ட திண்ணையோ உங்களிடம் இருந்தால், பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பதினான்கு நாளுக்கு, ஒரே ஒரு பிராணிக்கு.